கடல்மேல் விழும் காற்று நிழல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு கட்டடம் எழுந்தால் கடல் மறைகிறது என்று வருந்துகிறோம். காற்றும் மறைகிறது. அதை முதலில் உணர்கிறவர்கள் பாய்ப்பலகையில் நிற்பவர்கள்.

மே மாதத்தில், கல்பாக்கத்துக்கு அருகே எங்கள் அணுபுரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி எழும்: கடல்காற்று வந்துவிட்டதா? காலை பத்து மணிக்கே தார்ச்சாலை கொதிக்கும். மேற்கிலிருந்து வரும் அனல் ஜன்னல் திரையை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு நொடியில் திரை அசையாமல் தொங்கும். ஒரு இலைகூட ஆடாது. பிறகு வேப்பங்கிளைகள் மெல்ல மேற்குப் பக்கமாகச் சாயும், கொடியில் காயும் வேட்டி திசை மாறிப் படபடக்கும். சதுரங்கப்பட்டினம் கரையைத் தாண்டி, உப்பங்கழியையும் சவுக்குத் தோப்புகளையும் கடந்து, காற்று ஊருக்குள் நுழைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இங்கே யாருக்கும் பேசவே தோன்றும்.

காரணம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று ஓடிவருகிறது. மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமில்லாத நாளில் அது முற்பகலிலேயே கரையேறிவிடும். ஜூன், ஜூலையில் மேல்காற்று எதிர்த்து நிற்கும்போது பிற்பகல்வரை காக்கவைக்கும். அன்றைக்குத்தான் சென்னையும் செங்கல்பட்டும் வெந்துபோகும்.

இந்தக் காற்றை நாட்டிலேயே மிக நுணுக்கமாக ஆராய்ந்துவரும் இடங்களில் ஒன்று எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் கடல்காற்றின் வரவையும் வேகத்தையும் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். உயரமான கோபுரங்களில் கருவி பொருத்திப் படிக்கிறார்கள், கணினியில் மாதிரி செய்து பார்க்கிறார்கள். அணு உலையின் புகைபோக்கியிலிருந்து எது வெளியேறினாலும் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா? குளிர்ந்த கடல்காற்று சூடான நிலத்தைத் தொட்டதும் கீழ்மட்டத்தில் ஒரு கலங்கல் அடுக்கு உருவாகி, உள்ளே போகப்போக உயரமாகிறது என்பதெல்லாம் அவர்கள் விரிவாக ஆராய்ந்த விஷயம். பாதுகாப்புக்காகத் திரட்டிய அறிவு அது. ஆனால் இந்தக் கரையில் காற்றைப் பற்றி எந்தக் கேள்வி எழுந்தாலும் அது உதவும்.

கருவி இல்லாமல் உடம்பாலேயே காற்றை அளக்கிறவர்களும் இந்தக் கரையில் உண்டு. தலைமுறை தலைமுறையாக மீனவர்கள். இப்போது அவர்களோடு அலைச்சறுக்கு வீரர்கள், காத்தாடிச் சறுக்கு வீரர்கள், விண்ட்சர்ஃபிங் செய்கிறவர்கள்.

பாய்ப்பலகை ஓட்டும் இந்த விண்ட்சர்ஃபிங்கைக் கடற்கரையில் நின்று பார்த்தால் எளிதாகத் தெரியும். ஒரு பலகை, அதன்மேல் எந்தப் பக்கமும் வளைந்து திரும்பும் மூட்டில் நிற்கும் பாய்மரம், குறுக்கே கைப்பிடிக் கழி, அவ்வளவுதான். 1960-களில் அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு 1984-ல் ஒலிம்பிக்குக்குள் வந்தது. நம் நாட்டுக்கு இதில் பெரிய மரபு இல்லை. ஆனாலும் 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈபாத் அலி பாய்ப்பலகையில் வெண்கலம் வென்றார். பாய்மரப் படகில் சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்குகளுக்குப் போய்வந்துவிட்டார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. கோவளத்தில் மீனவ இளைஞர் மூர்த்தி மேகவன் 2012-ல் முன்னின்று தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியும், அதைத் தொடர்ந்து வந்த திருவிழாவும் இந்தக் கரைக்கே புதுப் பெயர் வாங்கித் தந்தன. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றதைக் கரையே கொண்டாடியது. கடல் விளையாட்டு நமக்கு எட்டாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அலைச்சறுக்குக் காரருக்குக் காற்று குறைவாக இருந்தால் நல்லது. விடியற்காலையில், நீர் கண்ணாடிபோல் இருக்கும்போதே அவர் இறங்கிவிடுவார். அவர் கரையேறி இட்லி சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில்தான் பாய்ப்பலகைக் காரர் வானத்தைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது சீரான, உடையாத காற்று. 12, 15 நாட் வேகம் கிடைத்தால் பலகை நீரைக் கிழித்துப் போவதை விட்டுவிட்டு மேலெழுந்து வழுக்கத் தொடங்கும். அந்தக் கணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அந்தக் கணத்தில் அவரைக் கவனித்துப் பாருங்கள். இடுப்பில் கட்டிய பட்டையின் கொக்கியைக் கழியிலுள்ள கயிற்றில் மாட்டி, கால்கள் இரண்டையும் பலகையின் பின்பக்கத்து வார்களில் நுழைத்து, உடம்பு முழுவதையும் நீருக்கு மேல் பின்னால் சாய்த்திருப்பார். அவரைத் தாங்குவது தரையோ பலகையோ அல்ல, பாயில் அடிக்கும் காற்று. அந்தக் காற்றில் திடீரென்று ஒரு ஓட்டை வந்தால் பாய் ஒரு விநாடி தொய்யும், சாய்ந்திருந்த உடம்பு அப்படியே முதுகு தட்ட நீரில் விழும். எழுந்து, பாயைத் தூக்கி நிறுத்துவதற்குள் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு குத்துக் காற்று வந்து மறுபடி தள்ளும். கடல் நடுவில் இப்படி நடப்பது அபூர்வம். கரையில் ஏதாவது மறித்து நிற்கும் இடத்தில் இதுதான் வழக்கம்.

மறிப்பு என்ன செய்யும் என்று அறியப் பெரிய ஆய்வகம் தேவையில்லை, இந்தக் கரையின் சவுக்குத் தோப்பே போதும். தோப்புக்குக் கிழக்கே மணல் கண்ணில் அடிக்கும். மேற்கே வந்து நின்றால் பீடி பற்றவைக்கலாம். காற்றைத் தடுக்கத்தான் சவுக்கை வரிசை வரிசையாக நட்டார்கள். சுனாமிக்குப் பிறகு இன்னும் நிறைய நட்டார்கள். காற்றுத் தடுப்பு மரவரிசையின் பலன் மரத்தின் உயரத்தைப்போல் இருபது மடங்கு தூரம்வரைகூட நீளும் என்று வேளாண்மை, வனத்துறை நூல்கள் சொல்கின்றன. மரவரிசைக்கு முன்னால், காற்று வரும் பக்கத்திலும் சில மடங்கு தூரத்துக்கு வேகம் குறையும். எதிரே தடை இருப்பதைக் காற்று முன்கூட்டியே அறிந்து மேலே ஏறத் தொடங்கிவிடுகிறது.

சவுக்கில் ஒரு நன்மை உண்டு. ஊசி இலைகளின் ஊடே பாதிக் காற்று சல்லடையில் புகுந்ததுபோல் கடந்துவிடும். மீதியின் வேகம் குறைந்தாலும் சீர் கெடாது. கான்கிரீட் சுவர் எதையும் கடக்கவிடாது. மோதிய காற்று உச்சியைத் தாண்டி மடங்கி விழும், இரண்டு ஓரங்களிலும் சுழித்துக்கொண்டு ஓடும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சந்து இருந்தால் அதில் மட்டும் சீறிப் பாயும். கட்டடத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப்போல் பத்து, பதினைந்து மடங்கு தூரத்துக்குக் காற்று மெலிந்தும் குலைந்தும் இருக்கும். இதைத்தான் காற்று நிழல் என்கிறோம். ஒல்லியான கோபுரமென்றால் பக்கவாட்டுக் காற்று சீக்கிரம் வந்து நிரப்பிவிடும். நீளமாகச் சுவர்போல் நிற்கும் அடுக்ககத்தின் நிழல்தான் நீண்டது.

வேகம் பத்து சதவீதம் குறைந்தால் என்ன போயிற்று என்று தோன்றலாம். பாயில் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15 நாட் காற்று 13.5 ஆனால் விசை 19 சதவீதம் போய்விடும். அதே இழுப்பு வேண்டுமானால் 6 சதுர மீட்டர் பாய்க்குப் பதில் ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர் பாய் கட்ட வேண்டும். பலகை வழுக்குவதற்கும் வழுக்காததற்கும் நடுவே இருப்பது அந்தப் பத்து சதவீதம்தான்.

நம் கரை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சற்றுச் சாய்ந்து ஓடுகிறது. கோடைப் பிற்பகலில் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பி, நேரம் ஆக ஆகத் தெற்கே திரும்பி, கரையை ஒட்டியே வீசும். பாய்ப்பலகைக்கு இதைவிட நல்ல காற்று இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கரையோரம் துருத்தி நிற்கும் உயரமான எதுவும் தன் நிழலை வடக்கே, நீரின்மேல் நீட்டும். காலையில் மேற்கிலிருந்து வீசும் தரைக்காற்றுக்கு நிழல் நேராகக் கடலில் விழும். வடகிழக்குப் பருவத்து வாடைக்குக் கடலிலிருந்தே காற்று வருவதால் பாதிப்பு குறைவு. ஆக, ஒரே கட்டடம் கார்த்திகையில் சாதுவாக இருக்கும், சித்திரையில் வில்லனாகிவிடும்.

முட்டுக்காடு உப்பங்கழியின் கதை வேறு. 1984-ல் தொடங்கிய சுற்றுலாத் துறையின் படகு குழாம் அங்கே இருக்கிறது. அலையில்லாத, ஆழமில்லாத நீர் என்பதால் பாய் பிடிக்கப் பழகுகிறவருக்கு ஏற்ற இடம். கடலில் ஒரு பக்கமாவது காற்று தடையில்லாமல் வரும். உப்பங்கழியில் எந்தக் காற்றும் நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். நான்கு பக்கமும் சுவர் எழுப்பினால் நடுவில் குளம்தான் மிஞ்சும். காற்றுக்கு அதிகம் பயப்பட வேண்டிய நீர்நிலை அதுதான். சட்டம் கொடுக்கும் பாதுகாப்போ அங்கேதான் மிகக் குறுகலாக இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடல் முகத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை நீளும். கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இதில் எது குறைவோ அதுவரை. 2019 விதி அந்த 100-ஐ 50 ஆக்கியது.

இந்த விதிகளில் காற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் யாரும் நினைக்காமலேயே அவை காற்றைக் காத்துவந்திருக்கின்றன. 1991-ல் முதல் விதி வந்தபோது, கிராமப்புறக் கரைகளில் 200 மீட்டருக்கு அப்பால் கட்டும் வீடும் விடுதியும் 9 மீட்டர் உயரத்துக்கு மேல், இரண்டு தளத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். 9 மீட்டர் கட்டடத்தின் நிழல் 90 மீட்டர், மிஞ்சினால் 135 மீட்டர். நீரைத் தொடாமலே முடிந்துவிடும்! இது யாரும் கணக்குப் போட்டுச் செய்ததல்ல. ஆனாலும் அருமையாகப் பொருந்தியது. மாமல்லபுரத்தில் தொல்லியல் சட்டம் இன்னொரு காவல். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. கடற்கரைக் கோயிலுக்கு எதிரே பதினைந்து மாடி எழாததற்குப் பல்லவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தெற்கே வந்தால் அணுமின் நிலையம். அதைச் சுற்றிய வட்டத்துக்குள் மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதால் சதுரங்கப்பட்டினம் பக்கம் வானம் இன்னும் அகலமாகவே இருக்கிறது. சிற்பத்துக்காகவும் அணு உலைக்காகவும் போட்ட கட்டுப்பாடுகள்தான் இங்கே காற்றையும் காத்துநிற்கின்றன. தானாகக் கிடைத்த காவல் தானாகவே போய்விடவும் கூடும் என்பதுதான் என் கவலை.

500 மீட்டர் கோட்டைத் தாண்டியதும் இந்த உயரக் கட்டுப்பாடு முடிகிறது. அங்கே 45 மீட்டரில் ஒரு பதினைந்து மாடி நின்றால், மேல்காற்று வீசும் நாளில் அதன் நிழல் 450-லிருந்து 675 மீட்டர்வரை நீளும்; மிஞ்சினால் கரையைத் தாண்டி அலைமேலும் விழும். ஒன்று நின்றால் பாய்க்காரர் ஒதுங்கிப் போகலாம். வரிசையாக நின்றால் எங்கே ஒதுங்குவது?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரத்தில் பர்லிங்கேம் என்றொரு சிறிய நகரம். அதை ஒட்டி கயோட்டி பாயின்ட் என்னும் கடலோரப் பூங்கா, அங்கே பல பத்தாண்டுகளாக விண்ட்சர்ஃபிங் நடக்கிறது. பசிபிக் கடலின் குளிர்காற்று சான் புரூனோ மலை இடைவெளி வழியாகப் புகுந்து, விமான நிலையத்தைத் தாண்டி அந்த நீர்ப்பரப்பை அடைகிறது. காற்று வரும் அதே வழியில், 300 ஏர்போர்ட் புலவார்ட் என்ற மனையில், பெரிய அலுவலக வளாகம் ஒன்று வரப்போவதாக 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்தி வந்தது. பாய்ப்பலகை வீரர்களின் சங்கம் நகர நிர்வாகத்திடம் போனது. நிர்வாகம் அவர்களை விரட்டவில்லை. சுற்றுச்சூழல் அறிக்கையில் காற்றுக்கென்று ஒரு பகுதியையே சேர்த்தார்கள். கட்டடங்களின் சிறிய மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, நீர்ப்பரப்பில் ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். பாய் ஓடும் பகுதியில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதைக் குறிப்பிடத்தக்க பாதிப்பாகக் கொள்வது என்று அளவுகோலும் வைத்தார்கள். வளாகம் பிறகு எழுந்தது. கட்டுவதற்கு முன்னால் காற்றைக் கேட்டார்கள் என்பதுதான் இங்கே எனக்கு முக்கியம். அதுவும் சில நூறு பேர் விளையாடும் விளையாட்டுக்காக.

ஹாங்காங் இதைவிட வலியோடு பாடம் கற்றது. நீர்முனையில் இடைவெளியே இல்லாமல் எழுந்த அடுக்ககங்களை அந்த ஊர் மக்கள் தடுப்புத் திரைக் கட்டடங்கள் என்று பெயர் வைத்துத் திட்டினார்கள். பின்னால் இருக்கும் தெருக்களில் காற்று செத்துப்போயிற்று. 2003-ல் சார்ஸ் நோய் ஊரையே உலுக்கிய பிறகு, காற்றோட்டமும் பொதுச் சுகாதாரம்தான் என்ற எண்ணம் வலுத்தது. 2006-லிருந்து அரசின் பெரிய திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு செய்யும் நடைமுறையைக் கொண்டுவந்தார்கள். அந்த ஊருக்கும் பாய்ப்பலகைக்கும் உறவு உண்டு. 1996-ல் ஹாங்காங்குக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கத்தை, வாங்கித் தந்தவர் லீ லாய் ஷான். அவர் விளையாடியது விண்ட்சர்ஃபிங்.

நம் ஊருக்கு வருவோம். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிறவர் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான 1ஏ படிவத்தில் வரிசையாகக் கேள்விகள் உண்டு. எவ்வளவு தண்ணீர் எடுப்பீர்கள், கழிவு எங்கே போகும், மரங்கள் எத்தனை வெட்டப்படும், உங்கள் கட்டடத்தால் யாருடைய இயற்கைக் காட்சியாவது மறைக்கப்படுமா? ஆம், காட்சி மறைவதைப் பற்றிக் கேட்கிறார்கள். கட்டடத்தால் அந்த இடத்தின் நுண்காலநிலை எப்படி மாறும், வெப்பத்தீவு உருவாகுமா என்று சுய மதிப்பீடும் கேட்கிறார்கள். இத்தனை கேட்டவர்கள், கடலோரமானால் காற்று எங்கே, எவ்வளவு குறையும் என்று கூடுதலாக ஒரு வரி கேட்டிருக்கலாம்.

இன்னொரு விஷயமும் மனதை உறுத்துகிறது. இந்தக் கரையில் எழும் ஒவ்வொரு உயரமான கட்டடத்துக்கும் காற்றுக் கணக்கு போடத்தான் செய்கிறார்கள். ஐஎஸ் 875 தரநிலையின் மூன்றாம் பகுதி சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர் என்று அடிப்படை வேகம் குறித்திருக்கிறது. 2016-ல் வர்தா புயல் வந்தது, 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேயே கரையேறியது. அந்தக் கணக்கு அவசியம்தான். காற்று கட்டடத்தை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். கட்டடம் காற்றை என்ன செய்யும் என்று கேட்பதற்கு மட்டும் ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. பர்லிங்கேமில் செய்த சோதனைக்கு நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை, ராஜீவ் காந்தி சாலையில் ஒரு பேருந்துப் பயணம் போதும்.

விளையாட்டுக்காரர்களுக்காக வீடு கட்டுவதை நிறுத்தச் சொல்கிறாயா என்று என்னிடம் கேட்கலாம். இல்லை. மீனவக் குப்பங்களில் ஒரே அறையில் இரண்டு குடும்பம் இருக்கிறது; அவர்களுக்கு மாடி வேண்டும், உறுதியான கூரை வேண்டும். நான் சொல்வது கட்டடத்தின் வாகு பற்றியது. நீளப் பக்கத்தைக் காற்றுக்குக் குறுக்கே வைக்காமல் காற்றின் போக்கில் வைப்பது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சுவரெழுப்பாமல் வழி விடுவது, கீழ்த்தளத்தைத் தூண்களில் நிறுத்தித் திறந்துவிடுவது, கரைப்பக்கம் தாழ்வாகத் தொடங்கி உள்ளே போகப்போக உயர்த்துவது. திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டிய கொத்தனாருக்கு இது புதிய சேதியே அல்ல.

பாய்ப்பலகைக் காரர் இங்கே ஒரு கருவிதான். அவர் விழும் இடத்தில்தான் கரையில் விரித்த கருவாடு காயத் தாமதமாகிறது, வலை உலரவில்லை. மீனவர்கள் பாய் கட்டிக் கட்டுமரம் ஓட்டிய காலத்தில், கரையில் நிற்கும் எதுவும் காற்றை எப்படி வளைக்கும் என்பது சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். மோட்டார் வந்த பிறகு அந்தக் கவனம் நம் கையை விட்டுப் போய்விட்டது. அது இப்போது பாயைக் கையில் பிடித்திருக்கும் இளைஞர்களிடம் வந்திருக்கிறது.

டோக்கியோவில் ஷியோடோமே பகுதியில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்த பிறகு, வளைகுடாவின் காற்று பின்னால் இருக்கும் ஷிம்பாஷிக்கு வராமல் போனது என்று ஜப்பானியர்கள் வெகுநாளாக வருந்திப் பேசிவருகிறார்கள். நான் அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டது ஷிம்பாஷியை அல்ல. அணுபுரம், திருக்கழுக்குன்றம், இன்னும் உள்ளே செங்கல்பட்டு. கடலைக் கண்ணால் பார்க்காத இந்த ஊர்களுக்குக் கடல் தரும் ஒரே பங்கு அந்தப் பிற்பகல் காற்று.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கும் ஆணை 2022-ல் வந்தது. மாமல்லபுரம் துணை நகரமாக வளரப்போகிறது, அதற்கான வளர்ச்சித் திட்டத்தை வகுத்துவருகிறார்கள். வரைபடத்தில் சாலை, வடிகால், பேருந்து நிலையம் எல்லாம் கோடாக விழும். அதே வரைபடத்தில், மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை காற்று கரையேறும் பாதைகளையும் இப்போதே குறித்துவிட வேண்டும். கல்பாக்கத்தில் அளவீடு இருக்கிறது, தரமணியில் சோதனைக்கூடம் இருக்கிறது, கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் எந்த இடத்தில் காற்று ஓட்டை விழுகிறது என்று விரல் நீட்டிக் காட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மூவரையும் ஒரே மேசைக்கு அழைக்க வேண்டியவர்கள் திட்டம் வகுக்கும் அதிகாரிகள். மனைகளுக்கு எல்லைக்கல் நட்ட பிறகு அழைத்துப் பயனில்லை.